ஆர்.வி.யில் மிச்சிகன் ஏரிக்கரை: ஆறு பேர், ஏழு இரவு, எங்கே தங்கலாம்?

நோவி_வாசி (ஜனவரி 3)

எல்லோருக்கும் வணக்கம். ஜூலை 11 முதல் 18 வரை ஆர்.வி. (உள்ளேயே படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள வண்டி) வாடகைக்கு எடுத்து மிச்சிகன் ஏரியின் கிழக்குக் கரையோரமாகப் போகலாம் என்று நினைத்திருக்கிறோம். நான், மனைவி, பிள்ளைகள் இருவர் (9 வயது, 4 வயது), திருநெல்வேலியிலிருந்து மே மாதம் வரும் அப்பா, அம்மா. 27 அடி கிளாஸ் சி வண்டி (ஓட்டுநர் இருக்கைக்கு மேலும் படுக்கை உள்ள வகை). இதற்கு முன் நான் ஓட்டியதிலேயே பெரியது வீடு மாறும்போது எடுத்த டிரக்தான்.

இப்போதைக்குத் திட்டம் இப்படி: கிராண்ட் ஹேவன், சில்வர் லேக், லடிங்டன், ஸ்லீப்பிங் பேர், பெடோஸ்கி. ஐந்து இடம், ஏழு இரவு. படங்களைப் பார்த்தால் எல்லாமே அழகாகத்தான் இருக்கின்றன, அதுதான் குழப்பம். எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

அம்மாவிடம் போனில் கேட்டேன். அவருக்கு இரண்டே நிபந்தனை. கழிப்பறை பக்கத்தில் இருக்க வேண்டும். காலையில் காபி குடித்து முடிக்கும்வரை யாரும் வண்டியைக் கிளப்பக் கூடாது.

பழைய_கூடாரம்

உங்கள் அம்மாவின் இரண்டாவது நிபந்தனையே ஐந்தில் மூன்று இடங்களை அடித்துவிடுகிறது தம்பி.

ஆர்.வி. என்றதும் காரைப் போல நினைத்த நேரத்தில் கிளம்பலாம் என்று முதல் முறை போகிறவர்கள் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கிளம்புவதற்கு முன்னால் மின்கம்பியைக் கழற்ற வேண்டும், மேல்கூடாரத்தைச் சுருட்ட வேண்டும், அலமாரிக் கதவுகளை எல்லாம் பூட்ட வேண்டும், டம்ப் ஸ்டேஷனில் வரிசையில் நின்று கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். போன இடத்தில் மறுபடி வண்டியைச் சமன்படுத்த வேண்டும். மிச்சிகன் மாநிலப் பூங்காக்களில் மதியம் 1 மணிக்கு இடத்தைக் காலி செய்ய வேண்டும், அடுத்த பூங்காவில் 3 மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள். இடம் மாறும் ஒவ்வொரு நாளும் பாதி நாள் இதிலேயே போய்விடும். நான்கு வயதுக் குழந்தையையும் அறுபதைத் தாண்டிய இருவரையும் வைத்துக்கொண்டு வாரத்தில் நான்கு முறை அதைச் செய்ய வேண்டுமா? இரண்டு இடம் போதும்.

எந்த இரண்டு என்பதற்கு நான் ஒரே கணக்குதான் வைத்திருக்கிறேன். பெரிய ஏரி பார்ப்பதற்கு, சின்ன ஏரி குளிப்பதற்கு. மிச்சிகன் ஏரிக்கு அக்கரை தெரியாது. உப்பு இல்லை என்பதைத் தவிர அது கடல்தான். காற்று எழும்பினால் அலை வரும், இழுப்பு வரும், தண்ணீர் திடீரென்று சில்லிட்டுப் போகும். மாநிலப் பூங்காக் கடற்கரைகளில் உயிர்காப்பாளர் கிடையாது. ஆனால் அந்தக் கரையை ஒட்டி உள்பக்கமாக ஹேம்லின், கிளென், டக் லேக் என்று வெதுவெதுப்பான சின்ன ஏரிகள் நிறைய உண்டு. இரண்டும் நடந்து போகும் தூரத்தில் உள்ள கேம்ப்கிரவுண்டாக (வண்டியை நிறுத்தித் தங்கும் இடமாக) பிடித்துவிட்டால், வானிலை எப்படி இருந்தாலும் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கலாம்.

அந்தக் கணக்கில் லடிங்டனை மிஞ்ச ஆளில்லை. ஒருபக்கம் மிச்சிகன் ஏரி, மறுபக்கம் ஹேம்லின் ஏரி, நடுவில் பிக் சேபிள் ஆறு. அந்த மாநிலப் பூங்காவை 2024 செப்டம்பரில் சீரமைப்புக்காக மூடி 2025 கோடையில் திறந்தார்கள். பைன்ஸ், சீடர், பீச்வுட் என்று மின்சார வசதியுள்ள மூன்று கேம்ப்கிரவுண்ட் உண்டு. பைன்ஸ் பெரிய ஏரிப் பக்கம், பீச்வுட் ஹேம்லின் பக்கம். உங்களுக்கு பீச்வுட்.

ஹேம்லின் ஏரி மரம் வெட்டும் காலத்தில் அணை கட்டியதால் உண்டானது. 1888இல் அணை உடைந்து, கீழே இருந்த ஹேம்லின் என்ற ஊரையே அடித்துக்கொண்டு போய்விட்டது. 1912இல் மறுபடி உடைந்தது. இப்போதிருப்பது அதற்குப் பிறகு கட்டியது, பயப்பட வேண்டாம்.

கிராண்ட்ராபிட்ஸ்_மாமி

கூடாரம் சார் லடிங்டனைச் சொல்வார் என்று திரியைத் திறக்கும்போதே தெரியும். ஆனால் பெரியவர்களை அழைத்துக்கொண்டு போகிறவர் கிராண்ட் ஹேவனைத் தள்ளிவிடக் கூடாது.

போன கோடையில் என் மாமியாரை அங்கே மூன்று நாள் வைத்திருந்தேன். முழங்கால் வலி உள்ளவர். வண்டிப் படியிலிருந்து இறங்கினால் நாலு எட்டில் மணல், எதிரே கலங்கரை விளக்கம். கால்வாய் ஓரமாகப் போட்டிருக்கும் நடைபாதையில் மெல்ல நடந்தால் ஊருக்குள்ளேயே போய்விடலாம், ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். வழியெல்லாம் பெஞ்சு. ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு, இருட்டியதும் இசைக்கு ஆடும் நீரூற்றைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம். லடிங்டனில் கலங்கரை விளக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் போக ஏறக்குறைய இரண்டு மைல், வர இரண்டு மைல் மணல் பாதையில் நடக்க வேண்டும். உங்கள் அம்மா நடப்பாரா?

பழைய_கூடாரம்

நடைபாதையைப் பற்றி மாமி சொல்வது சரிதான். ஆனால் கிராண்ட் ஹேவன் கேம்ப்கிரவுண்ட் முழுக்கத் தார் போட்ட தளம் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒரு மரம் கிடையாது. கடையில் வண்டி நிறுத்துகிற மாதிரி கோடு போட்டு வரிசையாக நிறுத்துவார்கள். பக்கத்து வண்டிக்காரர் தும்மினால் நாம் நூறு என்று சொல்லலாம்.

இன்னொன்று, கலங்கரை விளக்கம் நிற்கும் அந்தக் கப்பல் துறைச் சுவர். பார்க்க அழகு. ஆனால் அலை உள்ள நாளில் அதை ஒட்டி நீர் வேகமாக உள்ளே இழுக்கும், மேலே நிற்பவர்களையும் அலை அடித்துத் தள்ளியிருக்கிறது. பிள்ளைகளை அதன் பக்கத்தில் குளிக்க விடாதீர்கள்.

கிராண்ட்ராபிட்ஸ்_மாமி

தும்மினால் நூறு சொல்கிற அக்கம்பக்கம் என் மாமியாருக்குப் பிடித்திருந்தது. மூன்றாம் நாளே ஒஹாயோவிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டியோடு, பொது மொழி எதுவும் இல்லாமல், இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். மரம் பேசுமா?

ஓம்_விதி

இடத்தைப் பற்றி அவர்கள் பேசட்டும், நான் மின்சாரத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்லீப்பிங் பேரில் டி.எச். டே கேம்ப்கிரவுண்ட் அழகோ அழகு, ஆனால் மின் இணைப்பும் இல்லை, ஷவரும் இல்லை. பெற்றோரோடு போகிறவர் மறந்துவிடுங்கள். அதே பூங்காவில் பிளாட் ரிவர் கேம்ப்கிரவுண்டில் மின்சாரமும் ஷவரும் உண்டு.

மாநிலப் பூங்காக்களில் 'மாடர்ன்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் மின்சாரம் மட்டும்தான் உங்கள் இடத்தில் இருக்கும். குடிநீரைப் பொதுக் குழாயில் பிடித்துத் தொட்டியில் நிரப்பிக்கொள்ள வேண்டும், கழிவுநீரை டம்ப் ஸ்டேஷனில் விட வேண்டும். ஆறு பேர் உள்ளேயே குளித்தால் இரண்டாம் நாளே குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கான கிரே தொட்டி நிரம்பிவிடும். நம் சமையலில் பாத்திரம் எவ்வளவு விழும் என்று உங்களுக்கே தெரியும். குளியலைப் பொது ஷவரில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், 30 ஆம்ப் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் 3,600 வாட். ஏசி கிட்டத்தட்ட 1,500 வாட் எடுக்கும். இண்டக்‌ஷன் அடுப்பு 1,800. கூட மைக்ரோவேவையும் போட்டீர்கள் என்றால் பிரேக்கர் விழும். குக்கரைக் கேஸ் அடுப்பில் வையுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் முதலிலேயே சொல்ல மாட்டார்கள். கேஸில் ஓடும் ஆர்.வி. ஃப்ரிட்ஜ் வண்டி சாய்ந்து நின்றால் சரியாகக் குளிராது. அதனால் முன்பதிவு செய்யும்போது இடத்தின் நீளத்தை மட்டும் பார்க்காமல் சரிவையும் பாருங்கள், இடத்தின் படத்தோடு சில தளங்களில் போட்டிருப்பார்கள். டயருக்கு அடியில் வைக்கும் பிளாஸ்டிக் கட்டைகள் வாடகை வண்டியில் இருக்கின்றனவா என்று கேட்டு வாங்குங்கள்.

சிகாகோக்காரன்

மாநிலப் பூங்காவிலேயே ஏன் நிற்க வேண்டும்? தனியார் பூங்காவில் தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் மூன்றும் இடத்திலேயே கிடைக்கும். நீச்சல் குளம் இருக்கும், துணி துவைக்கும் இயந்திரம் இருக்கும், பிள்ளைகளுக்குத் துள்ளும் மெத்தை இருக்கும். டம்ப் ஸ்டேஷன் வரிசையே கிடையாது. சிகாகோவிலிருந்து போகும்போது நாங்கள் அப்படித்தான் தங்குவோம்.

நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால் ஒருமுறை ஏமாந்தேன். "ஏரிக்கு அருகில்" என்று போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் ஏரிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு நெடுஞ்சாலை, ஒரு சோளக்காடு, ஏழு மைல். நல்ல இடங்களை எல்லாம் கோடை முழுவதற்கும் வாடகைக்கு எடுத்தவர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள், எங்களுக்குக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்து இடம். எனவே தனியார் என்றால் வரைபடத்தில் அளந்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

விஸ்கான்சின் பக்கமிருந்து வருபவர்களுக்கு ஒரு துணுக்கு. மானிட்டவாக்கிலிருந்து லடிங்டனுக்கு எஸ்.எஸ். பேட்ஜர் கப்பலில் ஆர்.வி.யையே ஏற்றிக்கொண்டு வரலாம். நான்கு மணி நேரம். என் மகன் அந்தக் கப்பலுக்காகவே மறுபடி போக வேண்டும் என்கிறான்.

பழைய_கூடாரம்

மாநிலப் பூங்காவிலும் சாலைச் சத்தம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். டிராவர்ஸ் சிட்டி பூங்காவுக்கும் கடற்கரைக்கும் நடுவில் யு.எஸ். 31 ஓடுகிறது, மேம்பாலத்தில் ஏறித்தான் தண்ணீருக்குப் போக வேண்டும். மனிஸ்டியில் ஆர்ச்சர்ட் பீச் மேட்டின் உச்சியில் அருமையான இடம், ஆனால் கரை அரித்து, பழைய கல் கட்டடத்தையே 2020இல் உள்ளே நகர்த்தி வைத்தார்கள். தண்ணீருக்கு இறங்கும் வழியை நம்பி அங்கே போகாதீர்கள். உங்கள் பட்டியலில் உள்ள சில்வர் லேக்கில் மணல்மேட்டில் வண்டி ஓட்டுவார்கள், பகல் முழுக்க எஞ்சின் உறுமல். இருபது வயதில் போக வேண்டிய இடம்.

ஸ்கார்பரோ_தம்பி

நாங்கள் கனடாப் பக்கம். ஆனால் கூடாரம் அண்ணை சொல்வது எங்கள் ஒன்ராறியோவுக்கும் அப்படியே பொருந்துகிறது. சாண்ட்பேங்க்ஸில் ஒன்ராறியோ வாவியில் அலை அடித்தால், மணல்மேட்டுக்கு இந்தப் பக்கம் வெஸ்ட் லேக்கில் பிள்ளைகளை இறக்கிவிடுவோம்.  ரொறன்ரோவிலிருந்து யாராவது இதைப் படித்தால்: எங்களுக்கு ஐந்து மாதம் முன்னால் காலை 7 மணிக்கு முன்பதிவு திறக்கும். ஜூலை வார இறுதி என்றால் 7 மணி 1 நிமிடம் பிந்தியதுதான்.

கிராண்ட்ராபிட்ஸ்_மாமி

மிச்சிகனில் ஆறு மாதம் முன்னால், காலை 8 மணிக்கு. ஜூலை 11 என்றால் ஜனவரி 11. நோவி தம்பி, அலாரம் வைத்துவிட்டீர்களா?

நோவி_வாசி (ஜனவரி 15)

வைத்தேன். 11ஆம் தேதி காலை மனைவி ஒரு கணினியில், நான் ஒன்றில். பீச்வுட்டில் நான் பார்த்து வைத்திருந்த மூன்று இடங்களும் கண் முன்னாலேயே போய்விட்டன. பதறிப்போய் நான்காவதை அமுக்கினேன், கிடைத்தது. கழிப்பறையிலிருந்து நான்கு இடம் தள்ளி. அம்மாவின் முதல் நிபந்தனை நிறைவேறியது.

இரண்டாவது இடம் இன்டர்லாக்கன். இன்று காலை பிடித்தேன், 15 முதல் மூன்று இரவு. டக் லேக், கிரீன் லேக் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, பெயருக்கே அதுதான் அர்த்தமாம். ஸ்லீப்பிங் பேருக்கு அங்கிருந்து காரில் போய் வரலாம் (மச்சான் காரைக் கொண்டு வருகிறான்). உண்மைக் காரணம் வேறு. 1928இல் தொடங்கிய இசை முகாம் பூங்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அப்பா முப்பது வருடம் கோயில் கச்சேரிகளுக்கு முன்வரிசையில் உட்கார்ந்தவர். வயலின் சத்தம் கேட்டால் அவர் பாட்டுக்கு இருப்பார்.

கிராண்ட் ஹேவனைப் போகும் வழியில் மதியம் மட்டும் பார்க்கிறோம் மாமி. நடைபாதை, ஐஸ்கிரீம் இரண்டும் உண்டு.

பழைய_கூடாரம்

நல்ல முடிவு. ஜூலைக்குள் மறந்துவிடுவேன், இப்போதே சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகாதீர்கள். 2002இல் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடித்த ஆஷ் மரத் துளைப்பான் பூச்சி இப்படி விறகோடு ஊர் ஊராகப் பயணம் செய்துதான் பல மாநிலங்களில் மரங்களை அழித்தது. பூங்காவிலேயே வாங்குங்கள்.

கடற்கரையில் கொடியைப் பாருங்கள். இரட்டைச் சிவப்பு என்றால் மாநிலப் பூங்காவில் தண்ணீரில் இறங்கவே கூடாது, அபராதம் உண்டு.

ஸ்லீப்பிங் பேரில் பியர்ஸ் ஸ்டாக்கிங் சாலையில் ஏரியைப் பார்க்கும் மேடை ஒன்று வரும். 450 அடிக்குச் செங்குத்தான மணல் சரிவு. இறங்க இரண்டு நிமிடம்தான், ஏறுவதற்குள் உயிர் போய்விடும். ஒன்பது வயதுக்காரன் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், மச்சான் கையையும். ஏற வேண்டும் என்று ஆசையிருந்தால் அதற்கென்றே டியூன் கிளைம்ப் இருக்கிறது.

வாடகை வண்டியின் நம்பர் பலகை வேறு மாநிலத்தது என்றால் பூங்கா நுழைவுக்கு வெளி மாநிலக் கட்டணம். பணம் எடுத்து வையுங்கள்.

நோவி_வாசி (ஜூலை 26)

வந்து ஒரு வாரமாகிறது, இப்போதுதான் துணி துவைத்து முடிந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் நாள் சாயங்காலம் லடிங்டனில் பிக் சேபிள் ஆற்றில் டியூப் போட்டு மிதந்தோம். அணைக்குக் கீழே இறங்கினால் ஆறே மெல்ல நம்மைப் பெரிய ஏரிவரை கொண்டுபோய் விடுகிறது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையோரமாகக் கூடவே நடந்து வந்தார். மூன்றாவது சுற்றில் அவரும் ஒரு டியூபில் உட்கார்ந்துவிட்டார். தாமிரபரணியில் வாழைத்தண்டு கட்டி மிதந்த கதையெல்லாம் அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

இரண்டாம் நாள் மிச்சிகன் ஏரித் தண்ணீர் அருமை. மூன்றாம் நாள் அதே இடத்தில் கால் வைத்தால் எலும்பு விறைக்கிறது. வடக்கிலிருந்து காற்று திரும்பியிருந்தது. மேலே இருந்த சூடான நீரை அது நடு ஏரிக்குத் தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஏறி வருமாம், பக்கத்து இடத்துக்காரர் விளக்கினார். பத்து நிமிடத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஹேம்லின் ஏரிக்குப் போய்விட்டோம். சின்னவள் மதியம்வரை தண்ணீரை விட்டு வரவில்லை. கூடாரம் அண்ணா, உங்கள் கணக்கு அன்று ஒரு நாளிலேயே பலித்துவிட்டது.

சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகிறது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. "வெளிச்சமாக இருக்கும்போது எப்படித் தூங்குவது" என்று பிள்ளைகள் கேட்டால் என்னதான் பதில் சொல்வது?

இன்டர்லாக்கனில் அப்பா தினமும் சாயங்காலம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, சத்தம் வரும் திசையைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். பயிற்சி செய்கிற பிள்ளைகள் ஒரே வரியை இருபது முறை வாசிப்பார்கள். "இருபதாவது தடவை சுருதி சேர்ந்துவிட்டது" என்று வந்து சொல்வார். ஒருநாள் கச்சேரிக்கே அழைத்துப்போனோம். ஆனால் சாதகம்தான் அவருக்குப் பிடித்திருந்தது.

ஸ்லீப்பிங் பேரின் கதையை அம்மாவிடம் சொன்னேன். விஸ்கான்சினில் காட்டுத்தீயிலிருந்து தப்பி ஏரியை நீந்திக் கடந்த தாய்க் கரடி, கரையில் குட்டிகளுக்காகக் காத்திருந்து மணல்மேடாகிவிட்டதாக ஒஜிப்வே மக்கள் சொல்லும் கதை. வந்து சேராத குட்டிகள்தான் எதிரே தெரியும் இரண்டு மானிடூ தீவுகள். அம்மா ரொம்ப நேரம் தீவுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "நீ ஊருக்கு எப்போது வருகிறாய்?" என்று கேட்டார்.

தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். ஓம்_விதி சொன்ன கட்டைகளை வண்டி தருகிறவரிடம் கேட்டேன், இருக்கிறது என்றார், போய்த் திறந்து பார்த்தால் இரண்டே இரண்டு. வண்டி இடது பக்கம் சாய்ந்தே நின்றது. மறுநாள் காலை ஃப்ரிட்ஜைத் திறந்தால் உள்ளே வெளியைவிட வெக்கை. வீட்டிலிருந்து இரண்டு டப்பா இட்லி மாவு கொண்டு போயிருந்தோம். பொங்கி, மூடியைத் தள்ளி, தக்காளிமேல் வழிந்து கிடந்தது.

இரவு முறுக்குப் பையை வெளியே மேசைமேல் விட்டதும் எங்கள் தவறுதான். ரக்கூன் ஜிப்பைத் திறக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கடைசி நாள் டம்ப் ஸ்டேஷனில் எனக்கு முன்னால் பதினோரு வண்டி. சிகாகோக்காரர் நினைவு வந்தது.

ஓம்_விதி

கட்டைகளைக் காரிலேயே ஒரு செட் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். விலை அதிகமில்லை.

கிராண்ட்ராபிட்ஸ்_மாமி

அதெல்லாம் இருக்கட்டும். அந்த மாவை என்ன செய்தீர்கள்?

நோவி_வாசி

அம்மா விடுவாரா? வெங்காயம், பச்சைமிளகாய் நறுக்கிப் போட்டு, வெளியே கேஸ் அடுப்பில் ஊத்தப்பமாக ஊற்றித் தள்ளினார். நல்ல புளிப்பு. வாசனைக்கு முதலில் வந்தது ஏரி நீரைப் பற்றி விளக்கிய பக்கத்து இடத்துக்காரர். அப்புறம் அவர் மனைவி, அவர்களின் மூன்று பிள்ளைகள். எங்களுக்கு மிஞ்சியது ஆளுக்கு ஒன்று. கிளம்பும்போது அவர் தன்னிடம் உபரியாக இருந்த நான்கு சமன்படுத்தும் கட்டைகளைக் கொடுத்துவிட்டுப் போனார்.